உதாரணத்துக்கு எங்க மாமன்

பையை மடியிலயே வெச்சுக்குங்க, எனக்கு இந்த ஓரம் போதுமுங்க. அரைச் சீட்டு கெடைச்சாலும் போதும். நானெல்லாம் நின்னுக்கிட்டே கரூர் வரைக்கும் போயிருக்கேன். உடுமலையில இருந்தே உக்காந்து வர்றீங்களா? அப்ப முதுகு வலிக்குமே. ஆப்பிளு, ஆரஞ்சு, வெத்தலைக் கட்டு எல்லாம் இருக்குது, ஏதோ நல்ல காரியத்துக்குப் போறாப்பல இருக்குது. சரிங்க, சரிங்க, ஒரு சோலியாப் போறீங்க. நான் கேக்கலை.

இந்தத் தோல்பையைப் பாத்ததும் நீங்க சன்னல் பக்கம் திரும்பிக்கறீங்க பாருங்க, அது எனக்குப் பழகிப்போச்சு. ஆமாங்க, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டுதான். பேரு லோகநாதன், தாராபுரம். பயப்படாதீங்க, உங்களுக்கு நான் ஒண்ணும் விக்கப்போறதில்லை. வயசு ஐம்பத்தஞ்சு இருக்குமுங்களா? அறுபதா? பாத்தாத் தெரியலைங்க. அறுபதுக்கும் ஒரு திட்டம் இருக்குது, அதை அப்பறமாப் பேசிக்கலாம். இப்ப நான் பேச வந்தது வேற.

எனக்கு ஒரு ஆத்தாமைங்க. காலைல இருந்து ஒரு எடத்துல உக்கார முடியலை. பஸ் ஸ்டாண்டுல ரெண்டு வண்டியை விட்டுட்டேன், ஏறலாமா வேண்டாமான்னு. டீயைக் குடிக்கறது, பாதியில கீழ ஊத்தறது, மறுபடியும் இன்னொரு டீ சொல்றது. கடைசில இந்த வண்டி நகரறப்ப ஓடிவந்து தொத்திக்கிட்டேன். போற எடம் எங்கன்னு கேட்டா சிரிப்பீங்க. எங்க மாமன் வீடு. எங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பி. சொந்த மாமன் வீட்டுக்குப் போறதுக்கு ஒருத்தன் இத்தனை யோசிக்கணுமா, சொல்லுங்க. அத்தை வரக்கூடாதுன்னு சொல்லியிருக்குது. அவுங்க பொண்ணு கல்யாணம் முடியற வரைக்கும் நான் அந்த வாசப்படிய மிதிக்கக்கூடாதாம். நான் என்ன பண்ணினேன்னு நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க. மூணாவது மனுசன் சொன்னாத்தான் நியாயம்.

இந்த வேலைக்கு வந்து ரெண்டாவது வருசமுங்க எனக்கு. அதுக்கு முன்னாடி ஸ்பின்னிங் மில்லுல நூல் மூட்டைக்குக் கேட் பாஸ் எழுதிட்டு இருந்தேன். மில்லை மூடிட்டாங்க. வீட்ல பொண்டாட்டி, ஒரு பையன். அப்பத்தான் வரதராஜன் சாரைப் பாத்தேன். அவுரு கம்பெனில டெவலப்மென்ட் ஆபீசரு, எங்களை மாதிரி ஏஜென்ட்டுகளைச் சேத்து விடறவரு. அவுரு சொன்னாரு, சம்பளம் கெடையாது, கமிஷன்தான், ஆனா உனக்கு மேல ஒருத்தனும் கெடையாது, நீயே ராசான்னாரு. ராசான்னு சொன்னா யாருக்குத்தான் பிடிக்காது. பரீட்சை எழுதினேன், பாஸ் பண்ணினேன், பையைத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க. எங்க தெருவுல என் வண்டிச் சத்தம் கேட்டா டி.வி.யை அமத்தறாங்க. ஆள் வீட்ல இல்லையாம். செருப்பு வாசல்ல கெடக்குது, ஆள் இல்லையாம். கல்யாணத்துக்குப் போனா பந்தியில எனக்கு ரெண்டு பக்கமும் எலை காலியா இருக்குது. காது குத்தறதுக்குப் போனாலும் அதே கதைதான். கூடப் படிச்சவன் ஒருத்தன் என்னைப் பாத்ததும் போனைக் காதுல வெச்சுக்கிட்டுப் பேசறான், பேசிட்டு இருக்கறப்பவே அந்தப் போன் மணி அடிக்குது. நான் கண்டுக்கலையே. எடுங்க, யாரோ கூப்பிடறாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

ஒரு எழவு வீட்ல, செத்தவரு பெரிய ஆளு, லேத்துப் பட்டறை ஓனரு. நான் துக்கம் கேட்டேன், மாலை போட்டேன், எல்லாம் மொறையாத்தான் பண்ணினேன். அப்பறம் அவுரு மச்சினங்கிட்ட மெதுவா, பாலிசி ஏதாவது இருந்துதுங்களான்னு கேட்டேன். இருந்தா எழுதி வாங்க ஒத்தாசை பண்ணலாம்னு ஒரு நல்ல எண்ணம்தான். இல்லைன்னாரு. அப்ப நீங்களாவது போட்டுக்குங்கன்னு சொன்னேன். அது தப்புங்களா? பொணத்தை எடுக்கறதுக்குள்ள பேசிட்டேன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டறாங்க. எடுத்ததுக்கு அப்பறம் அவனவன் தலை முழுகிட்டுப் போயிருவான், யாரு நின்னு கேப்பாங்க?

வரதராஜன் சாரு என்னைக் கூப்பிட்டு உக்கார வெச்சுச் சொன்னாரு. "லோகநாதா, நீ கணக்குச் சொல்றே. கணக்குச் சொன்னா எவனும் போடமாட்டான். கதை சொல்லு. கேக்கறவனுக்குப் பக்கத்துல இருக்கற ஆளாப் பாத்துச் சொல்லு. போன மாசம் வரைக்கும் நல்லா இருந்த ஆளாச் சொல்லு. அவன் உடனே பொண்டாட்டி புள்ளையைத் திரும்பிப் பாக்கணும்." அவுரு கதை சொல்லியே வீடு கட்டினவருங்க. என்கிட்ட என்ன கதை இருக்குது? எனக்குத் தெரிஞ்சவங்க எல்லாரும் குத்துக்கல்லாட்ட நல்லா இருக்கறாங்க. என் நேரம்.

கொஞ்சம் நகந்துக்கறேன், காலு மரத்துப்போச்சு. இந்த டிரைவரு ஏன் இப்படி உருட்டறாரு? நமக்குத்தான் வெரசாப் போகணும்னு இருக்குது. போய்ச் சேந்தாலும் என்ன ஆகப்போகுதுன்னு இருக்குது.

மாமனுக்கு வர்றேன். எங்க மாமன் கரட்டுப்புதூருங்க. இங்கிருந்து போனா மூலனூருக்கு முன்னாடி வரும். சென்னியப்பன் வாத்தியாருன்னு கேட்டீங்கன்னா சின்னப் புள்ளைகூட வீட்டைக் காட்டும். பி.டி. வாத்தியாருங்க, அங்க ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல. பாருங்க, இப்பத்தான் நீங்க சன்னல்ல இருந்து என் பக்கம் திரும்பினீங்க. கதைன்னா அப்படித்தானுங்க, சாரு சொன்னது சும்மா இல்லை.

எங்க மாமன் ஒடம்பை நீங்க பாக்கணும். ஐம்பத்திரண்டு வயசுல பசங்களோட சேந்து கபடி ஆடுவாரு. விசில் ஊதினா ரோட்டுல போற பஸ் நின்னுரும். கோபமே வராத மனுசன். எங்கப்பா போனதுக்கப்பறம் என்னைப் படிக்க வெச்சது அவருதான், அதை நான் மறக்கலை. மறந்தவன் அவரைத் தேடிப் போவானா?

நான் ஏஜென்ட்டு ஆனதும் அவருகிட்டதான் போய் நின்னேன். எனக்கெதுக்கு மாப்ள அதெல்லாம்னாரு. விடாமப் போனேன். அவுரு மைதானத்துல நின்னா நான் கோல் போஸ்ட்டுப் பக்கத்துல நிப்பேன். கடைசில சிரிச்சுட்டு, சரி, உனக்கு ஒரு ஆரம்பமா இருக்கட்டும்னு சொன்னாரு. சின்னதாப் போடறேன்னாரு. நான் விடலை. பெருசாப் போடுங்க மாமா, கிருத்திகா கல்யாணத்துக்கு ஆகும்னேன். கிருத்திகாங்கறது அவரு பொண்ணு, ஒரே பொண்ணு. பி.காம். முடிச்சுட்டுத் திருப்பூர்ல ஒரு கம்பெனியில கணக்குப் பாக்குது. பொண்ணு பேரைச் சொன்னதும் ஒத்துக்கிட்டாரு.

பெரிய பாலிசின்னா அந்த வயசுல டாக்டர் பரிசோதனை உண்டுங்க. ரத்தம், ஈ.சி.ஜி., எல்லாம். நாந்தான் வண்டியில வெச்சுக் கூட்டிட்டுப் போனேன். படுக்கையில படுத்துக்கிட்டு அந்த நர்சுப் புள்ளைகிட்ட, ஒயரை எல்லாம் கழட்டுறப்ப உயிரையும் சேத்துக் கழட்டிராத கண்ணுன்னு வம்பு பேசினாரு. அந்தப் புள்ளை சிரிக்குது. டாக்டரு காகிதத்தைப் பாத்தாரு. மறுபடியும் படுக்கச் சொன்னாரு. மறுபடியும் எடுத்தாங்க. அப்பறம் எங்களைக் கோயமுத்தூருக்கு அனுப்பிட்டாங்க.

இருதயச் சுவரு தடிச்சுப்போய்க் கெடக்குதாமுங்க. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, வலியிருக்காது, ஓடறப்ப ஒருநாள் பொசுக்குன்னு நின்னுரும். மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு, ஓடாம, பளுத் தூக்காம இருந்தா நெடுநாள் இருக்கலாம்னாரு அந்தப் பெரிய டாக்டரு. நான் வழியெல்லாம் அழுதுட்டே வந்தேன். மாமன்தான் என் தோள்ல கைய வெச்சுக்கிட்டு வந்தாரு. நீ என்னடா பண்ணுவே, உள்ள இருந்தது வெளிய தெரிஞ்சுது, நல்லதுதானேன்னாரு. அவரு அப்படிங்க.

பாலிசியைக் கம்பெனி வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஒரு பக்கம் மாமன் ஒடம்பு. இன்னொரு பக்கம், அந்தப் பாலிசி மட்டும் போயிருந்தா அந்த மாசம் எங்க கிளையில நாந்தான் முதல் ஆளு. ரெண்டு வேதனையையும் ஒரே ஆளு தாங்கறதுன்னா சும்மாவா? அதைப் பத்தி ஒருத்தரும் கேக்கலைங்க. மாமனை மட்டும்தான் எல்லாரும் கேட்டாங்க. எல்லாரும்னா, அத்தையும் எங்கம்மாவும்தான். வேற யாருக்கும் அப்பத் தெரியாது.

ஆமாங்க, யாருக்கும் சொல்லவேண்டாம்னாங்க. அத்தை என் கையப் புடிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு, புள்ளைக்கு மாப்பிள்ளை பாக்கற நேரம், வெளிய தெரிஞ்சா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க, லோகு, நீதான் வாயைக் கட்டணும்னு. நான் சத்தியமே பண்ணிக் குடுத்தேன். நான் யாருகிட்டயும் சொல்லலைங்க. உங்ககிட்டச் சொல்றேன்னா, நீங்க யாரோ, நான் யாரோ. எறங்கினா அவுங்கவுங்க வழி.

அதுக்கப்பறமுங்க, ஒரு நாள் தையக்கடையில உக்காந்திருந்தேன். தையக்காரரு பாலிசியெல்லாம் எதுக்கு, எனக்கு ஒரு காய்ச்சல் வந்ததில்லைன்னாரு. என்னையறியாம வாயில வந்துருச்சு. எங்க சொந்தத்துல ஒருத்தரு இப்படித்தானுங்க சொன்னாருன்னு ஆரம்பிச்சேன். விசிலு, கபடி, ஒயரு, அந்த நர்சுப் புள்ளை சிரிச்சது, டாக்டரு மறுபடியும் படுக்கச் சொன்னது, எல்லாம் சொன்னேன். அவுரு கால் மெஷினை விட்டு நகந்துபோச்சு. அன்னைக்கே போட்டாரு. அடுத்து மருந்துக்கடை. அப்பறம் எங்க எதுத்த வீட்டுக்காரரு, டி.வி.யை அமத்தறவரு, அவரே கூப்பிட்டு உக்கார வெச்சுக் காபி குடுத்துப் போட்டாரு. பேரு சொல்லலைங்க நான். ஒரு எடத்துலயும் பேரு சொல்லலை. எங்க மாமன் ஒருத்தரு, அவ்வளவுதான். எனக்கு ஒரே மாமன்னு அவுங்களுக்குத் தெரிஞ்சா அதுக்கு நானா பொறுப்பு?

சாரு எனக்கு மீட்டிங்குல மாலை போட்டாருங்க. லோகநாதன் பிடிச்சுட்டான் லைனைன்னாரு.

அப்பறம் அந்தப் பள்ளிக்கூடம். அங்க போயிருக்கக் கூடாதுங்கறாங்க. ஏன் போகக்கூடாது? நாப்பது வாத்தியாருங்க ஒரே எடத்துல, மாசச் சம்பளக்காரங்க. மதியச் சோத்து நேரத்துல ஸ்டாப் ரூமுக்குப் போனேன். மாமன் மைதானத்துல இருந்தாரு, நான் வந்தது அவருக்குத் தெரியாது. கணக்கு வாத்தியாரு ஒருத்தரு டிபன் பாக்ஸைத் தெறந்துக்கிட்டே, நாங்கெல்லாம் ஆரோக்கியமா இருக்கறோம், எங்களுக்கு எதுக்குன்னு நக்கலாச் சொன்னாரு. எல்லாரும் சிரிக்கறாங்க. எனக்குச் சுருக்குன்னுச்சு. "ஏனுங்க, உங்க பி.டி. சாரை விடவா நீங்க ஆரோக்கியம்?"னு கேட்டேன். அப்பவும் பாருங்க, பேரு சொல்லலை.

ஒரு டீச்சர் கையில எடுத்த சோத்தைத் திரும்ப வெச்சுட்டாங்க. அன்னைக்கு அங்க நாலு பேரு போட்டாங்க. நாலு குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பு ஆச்சு, அதை யாரும் கணக்குல எடுத்துக்கறதில்லை.

அடுத்த வாரம் தாளாளரு மாமனைக் கூப்பிட்டாரு. மைதானத்துல புள்ளைங்க முன்னாடி உங்களுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா நாங்க பதில் சொல்ல முடியாதுங்கன்னாரு. மாமன் நான் ஓடறதை விட்டுட்டேன், நின்னுக்கிட்டேதான் விசில் ஊதறேன்னு சொல்லிப் பாத்திருக்காரு. நடக்கலை. பிரேயர்ல வெச்சுச் சால்வை போத்தி அனுப்பினாங்க. மரியாதையாத்தானே அனுப்பினாங்க? எத்தனை பேருக்குச் சால்வை கெடைக்குது? பசங்க அழுதாங்களாம். மாமன் அந்தச் சால்வையோட வீட்டுக்கு நடந்தே போனாராம், சைக்கிளை அங்கயே மறந்து விட்டுட்டு.

நான் மறுநாளே போனேனுங்க. போகாம இருப்பனா? கையில ஒரு நல்ல பென்சன் திட்டமும் எடுத்துட்டுப் போனேன், பள்ளிக்கூடத்துல கணக்கு முடிச்சுக் குடுத்த பணத்தை வீணாக்கிரக் கூடாதேன்னு. அத்தை கதவுக்கு நடுவுல நின்னுக்கிச்சு. வாடான்னு சொல்லலை, தண்ணி குடிக்கறயான்னு கேக்கலை. எங்க ருக்குமணி அத்தை சத்தமாப் பேசி நான் கேட்டதில்லை. அன்னைக்கும் சத்தமாப் பேசலை.

"லோகு, என் வீட்டுக்காரரை நீ ஊர் ஊராக் கொண்டுபோய்க் காட்டி வித்திருக்கே. நாளைக்கு என் புள்ளையையும் விப்பே. அவ கழுத்துல தாலி ஏறட்டும். அது வரைக்கும் இந்தப் பக்கம் வந்திராதே."

விக்கறதாமுங்க. நான் பாலிசி விக்கறவன், மனுசனை விக்கறவனா? ஒரு உதாரணத்துக்குச் சொன்னதை விக்கறதும்பாங்களா? உள்ள மாமன் கட்டில்ல உக்காந்திருந்தது எனக்குத் தெரிஞ்சுது. அவரு எந்திரிச்சு வரலை. அதுதானுங்க எனக்கு இன்னும் ஆறலை. அத்தை சொல்லட்டும், பொம்பளை, ஆத்திரத்துல ஏதோ சொல்லும். மாமன் ஒரு வார்த்தை, விடு ருக்கு, அவன் நம்ம பையன்னு சொல்லியிருக்கலாமில்ல? அன்னைக்கு வந்து வீட்ல படுத்தவன், ரெண்டு நாள் பையைத் தொடலை. மூணாவது நாள் எடுத்துட்டேன், எடுக்கலைன்னா சோறு?

என்னங்க கேட்டீங்க? பரம்பரையா வர்றதான்னா? பாத்தீங்களா, இந்தக் கேள்வியக் கேக்கறவங்கதான் விசயம் தெரிஞ்சவங்க. மத்தவங்க ஐயோ பாவம்னுட்டுப் போயிருவாங்க. ஆமாங்க, பரம்பரையா வர்றதுதான். அந்த டாக்டரு எனக்குப் படம் போட்டே காட்டினாரு. எங்க மாமனுக்கு ஒரு அண்ணன் இருந்தாருங்க, நான் பொறக்கறதுக்கு முன்னாடி. நல்ல வாலிபத்துல, தேர் வடத்தை இழுத்துட்டு இருந்தவரு அப்படியே உக்காந்தாரு, போயிட்டாரு. அப்ப சாமி குத்தம்னாங்க. இப்பத்தானே தெரியுது, அதுவும் இதேதான். அப்பனுக்கு இருந்தா புள்ளைக்கு வர்றதுக்குச் சரிபாதி வாய்ப்பாமுங்க. அதனால புள்ளைங்களையும் கட்டாயம் பாத்துரணும்னாரு. கிருத்திகாவையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு...

ஒரு நிமிசமுங்க, போனு. சார்தான். சொல்லுங்க சார். பஸ்ல சார். ஆமாங் சார், மாசக் கடைசின்னு ஞாபகம் இருக்குதுங்க சார். ஒரு நல்ல பார்ட்டி கையில இருக்குது சார், அங்கதான் போய்ட்டு இருக்கேன். கல்யாண மாப்பிள்ளை சார். சரிங் சார். வெச்சர்றேன் சார்.

மாசக் கடைசி வந்தா மனுசனை மூச்சு விட உடமாட்டாரு. எதுல விட்டேன்? ஆங், மாப்பிள்ளை. அதைச் சொல்லவேயில்லையே. இவ்வளவு கேவலப்படுத்தியும் நான் எதுக்கு அங்க போறேன்னு நீங்க நெனைப்பீங்க. கிருத்திகாவுக்கு ஒரு எடம் அமைஞ்சிருக்குதுங்க. நல்ல எடம், தென்னந்தோப்பு இருக்குது, பையன் கோழித்தீவனக் கம்பெனியில பெரிய வேலையில இருக்கறான். மேக்கால ஏதோ ஊருன்னு எங்கம்மா சொன்னாங்க, அவுங்களுக்கே முழுசாச் சொல்லலை, சொன்னா எனக்கு வந்துருமாம். அந்தப் புள்ளைக்கும் பையனைப் புடிச்சுப்போச்சாம். சால்வை போத்தினதுக்கு அப்பறம் மாமன் முகத்துல சிரிப்பைப் பாத்ததே இந்த எடம் வந்ததுக்கு அப்பறம்தானாம். இது கூடிவந்துட்டா அந்த மனுசனுக்கு அரைச் சீக்கு போயிரும்னு எங்கம்மா தெனமும் மாரியம்மனுக்கு வெளக்குப் போடறாங்க.

ஞாயித்துக்கெழமை மாப்பிள்ளை வீட்டாரு வர்றாங்கன்னு காதுல விழுந்துச்சு. அன்னைக்குப் போனா அத்தை உள்ள விடாது. அதனால இன்னைக்கே போய், மாமன் கால்ல விழுந்தாவது சமாதானம் ஆயிட்டேன்னா, ஞாயித்துக்கெழமை பந்தியில எலை போட நானும் நிக்கலாமில்ல? அப்பறம், உங்களுக்குச் சொல்றதுக்கென்ன, அந்தப் பையனையும் ஒரு வார்த்தை பாத்துரலாம். புதுக் குடும்பம் தொடங்கப் போறவன். பாலிசிக்கு இதைவிட நல்ல நேரம் எது? கட்டிக்கப்போற பொண்ணோட அப்பனுக்கே இப்படின்னா அவன் வேண்டாம்னு சொல்வானா?

என்னங்க, எந்திரிச்சுட்டீங்க? உங்களுக்கு இங்கயா? இது வெறும் கைகாட்டி நிறுத்தமுங்க, ஒரு வீடு வாசல் கெடையாது. டீக்கடைகூட இல்லை. இங்க உங்களுக்கு என்ன சோலி?

என்னங்க? சரியாக் கேக்கலை. யாருக்குச் சித்தப்பா?

வெளையாடாதீங்க. எந்தப் பையனுக்கு?

உக்காருங்க. உக்காருங்க சொல்றேன். கண்டக்டரே, விசிலு அடிக்காதீங்க, பெரியவரு எறங்கலை. ஐயா, நான் சொன்னது வேற மாமனுங்க. எனக்கு இன்னொரு... சரிங்க, இல்லைங்க, ஒரே மாமன்தான். ஆனா கேளுங்க. கிருத்திகாவுக்கு ஒண்ணுமில்லைங்க. அதைத்தான் சொல்ல வந்தேன், அதுக்குள்ள போனு வந்துருச்சு. கோயமுத்தூர்ல நாந்தான் கூட இருந்தேன், எல்லாப் பரிசோதனையும் பண்ணிப் பாத்துட்டு, இந்தப் புள்ளைக்குச் சுத்தமா இல்லைன்னு அதே டாக்டரு சொன்னாருங்க. சாமி சத்தியமா. அந்தப் புள்ளை தெனமும் காலைல ஓடுதுங்க ஐயா.

மாமன் மறைக்கலைங்க. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவரு ஒருத்தரை நேர்ல உக்கார வெச்சு எல்லாத்தையும் நானே சொல்லிரணும், வேற யாரு வாயில இருந்தும் அவருக்குப் போகக்கூடாதுன்னு எங்கம்மாகிட்ட அழுதிருக்காரு. அது நீங்கதான்னு, நீங்க இன்னைக்கே வருவீங்கன்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? யாருன்னு சொல்லாம பக்கத்துல உக்காந்து முச்சூடும் கேட்டுட்டு வர்றது மட்டும் நியாயங்களா? நான் சோறு திங்கறதுக்கு ஏதோ பேசறவன், என் பேச்சையெல்லாம் ஒரு பேச்சுன்னு...

இல்லைங்க, கையெடுக்காதீங்க. நீங்க பெரியவரு, என்னைப் பாத்துக் கும்பிடக்கூடாது. உங்க வீட்டுக்கும் ஒரே பையன்தானுங்களா? தெரியுதுங்க. தெரியுது. ஒரே ஒரு தடவை மாமனைப் பாத்துப் பேசிட்டுப் போங்க. ரெண்டு நிமிசம். நான் வரலை, நான் வேணா இங்கயே எறங்கிக்கறேன், நீங்க போங்க.

போயிட்டாரு.

ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்னுட்டாரு பாருங்க. உடுமலை வண்டிக்கு. ஐயா, அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமில்லைங்க ஐயா. கேக்குதுங்களா?

உக்காருங்கம்மா, எடம் காலிதான். பையைத் தூக்கி மடியில வெச்சுக்கறேன். இல்லைங்க, ஒண்ணுமில்லை, தெரிஞ்சவரு ஒருத்தரு, எறங்கிட்டாரு. நீங்க எங்க போறீங்க? கரட்டுப்புதூருங்களா. சரிங்க. இல்லைங்க, எனக்கு அங்க யாரையும் தெரியாது.

கண்டக்டரே, எனக்குக் கரட்டுப்புதூருக்குத்தான் சீட்டு வாங்கினேன். அதை மூலனூருக்கு மாத்திக் குடுங்க. மூலனூரு வேண்டாம், இந்த வண்டி கடைசியா எங்க போகுதோ அதுக்கே குடுத்துருங்க. கரூருன்னாக் கரூரு. எனக்குக் கரூர்ல சோலி இருக்குது.

அம்மா, உங்க கரட்டுப்புதூரு வந்துருச்சு, எறங்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் இந்தப் பக்கம் சாஞ்சு உக்காருங்க. சன்னல் பக்கம் வெயில் அடிக்குது. அதில்லைங்க, வெளிய தெரியாம இருக்கணும். நிறுத்தத்துல வெள்ளைச் சட்டை போட்டுட்டு ஒருத்தரு நிக்கறாரு பாருங்க, தலையெல்லாம் வாரி, வேட்டிக்குக் கஞ்சி போட்டு. அவருதான். வண்டி வண்டியா எட்டிப் பாக்கறாரு. இந்த டிரைவருக்கு இப்பத்தானா இத்தனை நேரம் நிக்கணும்? போகச் சொல்லுங்க. பாத்துட்டாரு. வர்றாரு.

ஏனுங் மாமா. ஆமாங், நாந்தான். இல்லீங், கரூருக்குப் போறேன், ஒரு பார்ட்டி. நல்லா இருக்கறனுங்க. நீங்க மாத்திரை சாப்பிடறீங்களா?

உடுமலையில இருந்தா? வயசானவரா? இல்லீங் மாமா. நான் தாராபுரத்துல இருந்து வர்றேன், இந்த வண்டியில அப்படி யாரும் வரலீங்க.

அத்தையா? என்னைய வரச் சொல்லுச்சா? இன்னைக்கா, மாமா? நீங்களே சொன்னீங்களா, அவன் நம்ம பையன்னு? இல்லீங், அழுவலைங்க, தூசி. இப்ப எறங்க முடியாதுங் மாமா, சீட்டு வாங்கிட்டேன். இன்னொரு நாளைக்கு வர்றனுங்க.

மாமா, இப்படி வெயில்ல நிக்காதீங்க. அந்த மரத்துக்கு அடியில போய் உக்காந்துக்குங்க. அடுத்த வண்டியில வருவாருங்க.